உயிர் காலேஜில் எடுத்த புலி

அலுவலகத்தில் வருடாவருடம் ஒரு புகைப்படப் போட்டி நடக்கும். மூன்று வருடத்துக்கு முன்னால் அதில் 'வனவிலங்கு' பிரிவில் எனக்கு இரண்டாம் பரிசு. முன்னங்கால்களை நீட்டிப் படுத்து, தலையை மட்டும் நிமிர்த்தி, நேராக லென்ஸைப் பார்க்கும் புலி. பின்னால் பச்சை மங்கல். மீசை மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். போட்டிக்கான படிவத்தில் 'இடம்' என்று ஒரு கட்டம் இருந்தது. நான் அதில் 'தமிழ்நாடு' என்று அடித்தேன்.

பொய் இல்லை. வண்டலூர் தமிழ்நாட்டில்தானே இருக்கிறது.

பரிசுப் படத்தைச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். காஞ்சிபுரத்துக்கு எடுத்துக்கொண்டு போய் வீட்டுக் கூடத்தில் மாட்டினேன். எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். அப்பா நாற்பது வருடம் தறியில் உட்கார்ந்தவர். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு படத்தின் அருகில் போய் ரொம்ப நேரம் பார்த்தார். ஜரிகையில் ஓர் இழை தப்பியிருந்தாலும் கண்டுபிடிக்கிற கண்.

"எங்கடா புடிச்ச?"

"காட்டுலப்பா."

"காட்டுல யாருடா பெருக்குறா?"

அப்புறம்தான் நானும் பார்த்தேன். புலியின் காலடியில் தரை சுத்தமாக இருந்தது. ஒரு சருகு கிடையாது. துடைப்பத்தின் கோடுகள் அரைவட்டமாக, வாசலில் தெரிவதைப் போலவே தெரிந்தன. நடுவர்கள் மூன்று பேர் பார்க்கவில்லை, படத்தை இருநூறு சதவிகிதம் பெரிதாக்கிப் பார்த்து மெருகேற்றிய நானும் பார்க்கவில்லை.

அப்பா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. மிருகங்களைப் படம் பிடிப்பவர்கள் எப்போதிருந்து கம்பியை மறைக்க ஆரம்பித்தார்கள்? யார் மறைக்கவில்லை? இரண்டையும் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தேடல் லண்டன், ஹாம்பர்க் என்றெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் எங்கள் ஊர் வரதராஜப் பெருமாள் கோயில் பக்கமே வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை.

முதலில் வண்டலூரின் கதை. சென்னையின் பழைய ஆட்கள் மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்பார்கள். எழும்பூர் மியூசியம் 'செத்த காலேஜ்'. இதைவிடக் கச்சிதமான வகைப்பாட்டை எந்த விலங்கியல்காரரும் செய்ததில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு காலேஜும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். மியூசியத்தின் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர், பாடம் செய்த மிருகங்களோடு உயிருள்ள மிருகங்களும் இருந்தால்தான் ஜனம் வருகிறது என்பதைக் கவனித்தார். கர்நாடக நவாபிடம் இருந்த மிருகங்களைக் கேட்டு வாங்கி, 1855-ல் மியூசிய வளாகத்திலேயே மிருகக்காட்சி சாலையை ஆரம்பித்தார். 1860-களில் அது சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. மூர் மார்க்கெட்டுக்கு வந்தவர்கள் அப்படியே உயிர் காலேஜையும் பார்த்துவிட்டுப் போவார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே கூண்டுகளில் இருந்துவிட்டு, 1985-ல் வண்டலூர் காப்புக்காட்டுக்குள் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 600 ஹெக்டேர்.

வண்டலூரில் பெரிய மிருகங்களுக்கு முன்னால் கம்பி இல்லை, அகழி இருக்கிறது. இந்த அகழி யோசனையை உலகம் முழுக்கப் பரப்பியவர் கார்ல் ஹாகன்பெக் என்ற ஜெர்மன் மிருக வியாபாரி. ஹாம்பர்க் பக்கத்தில் 1907-ல் அவர் திறந்த பூங்காவில் சிங்கத்துக்கும் பார்வையாளருக்கும் நடுவில் கம்பி கிடையாது. சிங்கம் எவ்வளவு தூரம் தாவும் என்று அளந்து, அதற்கு மேல் அகலமாகப் பள்ளம் வெட்டி, பள்ளம் தெரியாதபடி பாறையும் செடியும் வைத்தார். மிருகத்துக்கு அது நல்லதுதான், பழைய கூண்டைவிட ஆயிரம் மடங்கு. ஆனால் அது பார்க்கிறவனின் கண்ணுக்காகச் செய்த ஏற்பாடும்கூட. சிறை அப்படியே இருக்க, சிறையின் அடையாளம் மட்டும் காணாமல் போனது. அன்றிலிருந்து, ஒரு புலிப் படத்தைப் பார்த்த உடனே இது காடா கூண்டா என்று சொல்வது கஷ்டமாகிவிட்டது.

கம்பி இருந்தாலும் பிரச்சினையில்லை என்பது எங்களைப் போன்ற வார இறுதிக் கேமராக்காரர்களுக்குத் தெரியும். வலைக்கு ஒட்டினாற்போல லென்ஸை வைத்து, அப்பர்ச்சரை முழுசாகத் திறந்து, தூரத்தில் நிற்கும் மிருகத்தின் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் வலை கரைந்துபோகும். எங்கேயும் போகவில்லை, லென்ஸுக்குள் நுழையும் வெளிச்சத்தில் கொஞ்சத்தைத் தடுத்துக்கொண்டே இருக்கிறது. படம் லேசாக வெளுத்தாற்போல் இருக்கும். மென்பொருளில் ஒரு ஸ்லைடரை நகர்த்தினால் அதுவும் சரியாகிவிடும். பகுதி நேரமாக நான் கற்றுக்கொண்ட வித்தைகளிலேயே சுலபமானது இதுதான்.

அப்படியென்றால் கூண்டு மிருகத்தைப் படம் எடுப்பதே மட்டமா? நானும் கொஞ்ச நாள் அப்படி நினைத்து, வண்டலூர் பக்கமே போகாமல் இருந்தேன். என் புத்தியை மாற்றியது ஒரு குவாகா.

குவாகா தென்னாப்பிரிக்காவின் வரிக்குதிரை வகை. கழுத்திலும் முன்பாதியிலும் மட்டும் வரி, பின்பாதி வெறும் பழுப்பு. பாதி நெய்துவிட்டு நூல் தீர்ந்துபோனது மாதிரி இருக்கும். மேய்ச்சல் நிலத்துக்காகவும் தோலுக்காகவும் சுட்டே தீர்த்தார்கள். கடைசிக் குவாகா 1883-ல் ஆம்ஸ்டர்டாம் மிருகக்காட்சி சாலையில் செத்தது. அது கடைசி என்று அப்போது யாருக்கும் தெரியாது. உயிரோடு இருந்த குவாகாவை எடுத்த படங்கள் உலகத்திலேயே ஐந்துதான் நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஐந்தும் லண்டன் மிருகக்காட்சி சாலையில் இருந்த ஒரே பெண் குவாகாவின் படங்கள், 1860-களில் தொடங்கி 1870-க்குள் எடுக்கப்பட்டவை. எடுத்தவர்கள் ஃபிராங்க் ஹேஸ், ஃபிரெடரிக் யார்க். பின்னால் செங்கல் சுவர் தெரியும். தொழுவத்து வாசல் தெரியும். ஒன்றையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டும் என்றே அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

நம் ஊரிலும் ஒன்று உண்டு. கங்கை, பிரம்மபுத்திரா சதுப்புகளில் இருந்த இளஞ்சிவப்புத் தலை வாத்து. 1935-க்குப் பிறகு அதைக் காட்டில் உறுதியாகப் பார்த்தவர் இல்லை. அதன் உயிருள்ள படங்கள் எடுக்கப்பட்டது இந்தியாவில் இல்லை, இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் எஸ்ரா என்ற பணக்காரரின் பறவைப் பண்ணையில். நம் நாட்டு வாத்தை நாம் பார்ப்பது சர்ரே மாகாணத்துக் குளத்தோரத்தில். தாஸ்மேனியப் புலியும் அப்படித்தான். 1936-ல் ஹோபர்ட் மிருகக்காட்சி சாலையில் கடைசி மிருகம் செத்துப்போவதற்கு மூன்று வருடம் முன்னால் டேவிட் ஃப்ளே எடுத்த சிறு படச்சுருளில், அது வலைக்கு ஓரமாக நடந்துகொண்டே இருக்கும்.

இந்தப் படங்களில் கம்பி இல்லாமல் இருந்திருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது ஓர் அழகான பொய். கம்பி இருப்பதால்தான் அந்த மிருகங்களுக்கு என்ன ஆனது என்பதும் சேர்ந்து படத்தில் இருக்கிறது.

காட்டுப் பக்கம் வேறு வகைக் கஷ்டம். இங்கிலாந்தில் ரிச்சர்ட், செர்ரி என்று கியர்ட்டன் சகோதரர்கள் இரண்டு பேர். பறவைக் கூட்டைப் படமெடுக்க, பாடம் செய்த மாட்டுத் தோலைக் குடைந்து அதற்குள் ஆளும் கேமராவுமாக உட்கார்ந்தார்கள். செத்த காலேஜுக்குள் புகுந்துகொண்டு உயிரைப் பிடிக்கிற முயற்சி. அமெரிக்காவில் ஜார்ஜ் ஷைராஸ் இரவில் மிருகமே கயிற்றை மிதித்துத் தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தார். 1906-ல் நேஷனல் ஜியாக்ரஃபிக் அவருடைய 74 படங்களை ஒரே இதழில் போட்டது. அதே உத்தியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் ஐக்கிய மாகாணத்தில் வன அதிகாரியாக இருந்த எஃப்.டபிள்யூ. சாம்பியன். 1927-ல் அவருடைய புலி நாட்டுப் புத்தகம் வந்தது. அதுவரை வெள்ளைக்காரர்களின் ஆல்பங்களில் புலி என்றால் ஒன்று கூண்டில் நிற்கும், அல்லது பூட்ஸ் காலுக்குக் கீழே கிடக்கும். தன்னிஷ்டத்துக்கு நடந்துபோகும் புலியை முதலில் நன்றாகக் காட்டியவர் சாம்பியன்தான். ஜிம் கார்பெட் துப்பாக்கியிலிருந்து கேமராவுக்கு வந்ததில் அவருக்கும் பங்கு உண்டு.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல், 'ஷூட்'. தமிழில் நாம் சுடுவதில்லை, பிடிக்கிறோம். பூனை எலியைப் பிடிப்பது போல, போலீஸ் பிடிப்பது போல, படத்தையும் பிடிக்கிறோம். பாம்பு மட்டும் தானே படம் எடுக்கும்.

இனி மா. கிருஷ்ணன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அவருக்காகத்தான்.

1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. தமிழை பி.ஏ. படிப்பில் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று 1925-ல் பல்கலைக்கழக செனட்டில் பேசிய அன்று, அந்த இடத்திலேயே மாதவையா இறந்துபோனார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது பதிமூன்று. பிரசிடென்சி கல்லூரியில் ஃபைசன் என்ற பேராசிரியரிடம் தாவரவியல் படித்தார். அப்புறம் சட்டமும் படித்தார். 1942-லிருந்து ஏழெட்டு வருடம் சந்தூர் சமஸ்தானத்தில் உத்தியோகம்: பள்ளி ஆசிரியர், நீதிபதி, ராஜாவின் செயலர் என்று என்னென்னவோ. சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்ததும் சென்னைக்குத் திரும்பி, இனி எழுத்தும் கேமராவும்தான் என்று உட்கார்ந்துவிட்டார். 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950-ல் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996-ல் சாகும்வரை எழுதினார். 46 வருடம். நடுவில் தமிழில் ஒரு துப்பறியும் நாவல்கூட எழுதியிருக்கிறார். 'கதிரேசன் செட்டியாரின் காதல்', படித்துப் பாருங்கள், ஆள் எவ்வளவு குறும்புக்காரர் என்று தெரியும்.

அவருடைய கேமரா கடையில் வாங்கியது இல்லை. ஒரு கம்பெனியின் உடல், இன்னொரு கம்பெனியின் லென்ஸ், மிச்சம் அவரே சேர்த்துக் கட்டியது. 'சூப்பர் பாண்டெரோசா' என்று அதற்குப் பேர் வைத்திருந்தார். பேருக்கு ஏற்ற கனம். கலர் ஃபிலிம் பக்கம் போகவே இல்லை, கறுப்பு-வெள்ளைதான். 1968-ல் கிடைத்த ஜவாஹர்லால் நேரு ஃபெல்லோஷிப்பை வைத்து, இந்தியக் காடுகளின் பெரிய பாலூட்டிகளை ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975-ல் அதைப் புத்தகமாகப் போட்டது. பத்மஸ்ரீயும் கிடைத்தது.

2006-ல் 'ஐ இன் தி ஜங்கிள்' என்று அவருடைய படங்களும் எழுத்தும் சேர்ந்து ஒரு பெரிய புத்தகம் வந்தது. அதை முதலில் புரட்டியபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன். மீசை தெரியவில்லை. கண்ணில் மின்னும் புள்ளி இல்லை. காட்டெருமை ஒன்று புதருக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்கும், யானைக்கூட்டம் புல்லுக்குள் இருக்கும், குறுக்கே ஒரு மரக்கிளை போகும். இன்ஸ்டாகிராமில் போட்டால் முப்பது லைக் வராது. இரண்டாம் முறை பார்த்தபோதுதான், அந்தக் கிளையும் புல்லும் தற்செயல் இல்லை என்று பட்டது. இந்த மிருகம் இன்ன மரத்தடியில், இன்ன பருவத்தில், இத்தனை பேரோடு நின்றது என்கிற சாட்சியம் அது. தாவரவியல் படித்தவருக்குச் செடியை மங்கலாக்க மனசு வருமா? நான் என் புலிக்குப் பின்னால் செய்தது நேர் எதிர். பின்னணியைக் கரைத்துவிட்டால் இடம் என்ற கேள்வியே கரைந்துவிடும் அல்லவா.

ஆனால் கிருஷ்ணன் கதையில் என்னைத் தூங்கவிடாமல் செய்த விஷயம் வேறு. முதுமலையில் காட்டு யானைகளையும் காட்டெருமைகளையும் அவர் நெருங்கியது பல சமயம் நடந்து இல்லை. யானை மேல் உட்கார்ந்து. வனத்துறையின் பழக்கிய யானை. மனிதன் தரையில் நடந்து வந்தால் காட்டு மிருகம் ஓடும் அல்லது முட்ட வரும். யானை மேல் அசையாமல் உட்கார்ந்திருப்பவனை அது அவ்வளவாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. சாம்பியனும் தன் யானையோடுதான் காட்டுக்குள் போனார்.

ஆக, இந்தியாவின் மிகச் சிறந்த காட்டு யானைப் படங்கள் சிலவற்றை எடுக்கும்போது, சட்டகத்துக்கு வெளியே, கேமராவுக்கு நேர் கீழே, இன்னொரு யானை நின்றது. என்றைக்கோ காட்டிலிருந்து பிடிக்கப்பட்டது, அல்லது முகாமில் பிறந்து வளர்ந்தது. அது மூச்சை இழுத்துவிட்டாலே படம் ஆடிப்போகும். கட்டை உடம்போடு அது அசையாமல் நின்றதால்தான் படமே கிடைத்தது.

காஞ்சிபுரத்தில் வளர்ந்தவனுக்கு இதைப் படித்ததும் சும்மா இருக்க முடியாது. எனக்கு மூன்று வயதில் எடுத்த படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. அம்மா இடுப்பில் நான், பக்கத்தில் தும்பிக்கையைத் தூக்கியபடி யானை. படத்தின் கீழ்ப்பகுதி யானையின் முழங்காலோடு நின்றுவிடும். சங்கிலி அதற்குக் கீழே. மறைக்க வேண்டும் என்று எடுத்தவர் நினைத்திருக்க மாட்டார், எங்கள் முகம் விழ வேண்டும் என்றுதான் பார்த்திருப்பார். இந்த ஊரில் சங்கிலியைப் படம் பிடிக்கிறவர்கள் வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்துக்குப் போவார்கள். அங்கே மண்டப மூலையில் ஒரே கல்லில் குடைந்த சங்கிலி தொங்கும், அத்தனை பேரும் வாயைப் பிளந்துகொண்டு அதைத்தான் எடுப்பார்கள். காஞ்சியில் இருந்த சந்தியா, இந்து, ஜெயந்தி என்ற மூன்று பெண் யானைகள் பிற்பாடு திருச்சி பக்கம் எம்.ஆர். பாளையம் மறுவாழ்வு மையத்துக்குக் கொண்டுபோகப்பட்டன. என் படத்தில் இருப்பது அவற்றில் ஒன்றில்லை, அது வேறு யானை, வேறு காலம். அதன் பேரைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை. படத்தின் பின்பக்கம் என் பேரும் தேதியும் மட்டும் இருக்கின்றன.

வரதராஜப் பெருமாள் என்றதும் இங்கே ஒரு வெள்ளைக்காரரைச் சொல்லியாக வேண்டும். லயனல் பிளேஸ். 1790-களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாகீர் கலெக்டர், அதாவது இன்றைய செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதிக்கு. காஞ்சிக் கோயில்களின் நிர்வாகத்தில் ஆழமாகக் கை வைத்தவர், வரதருக்கு நகை கொடுத்தவர். மதுராந்தகம் ஏரிக்கரையைச் செப்பனிட்டவரும் அவரே. 1798-ல் பெருமழையில் கரை உடையப் போகிறது என்று பயந்து ராத்திரி போனபோது, ராம லட்சுமணர்கள் வில்லோடு கரையைக் காவல் காத்ததை அவர் பார்த்தார் என்பது ஏரி காத்த ராமர் கோயிலின் கதை. அந்தக் காட்சிக்கு ஃபோட்டோ இல்லை. அப்போது ஃபோட்டோவே கிடையாது.

இந்த பிளேஸ்தான், பொதுவாகச் சொல்லப்படும் கணக்குப்படி அதே 1798-ல், மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் உள்ள வேடந்தாங்கல் கிராமத்துக்கு ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். ஏரிக்கு வரும் பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று. சிப்பாய்கள் வேட்டைக்கு வந்ததும், ஊர் ஜனங்கள் எதிர்த்ததும்தான் காரணம். ஊருக்கு அதில் ஜீவகாருண்யம் மட்டும் இல்லை, விவசாயக் கணக்கும் இருந்தது. ஆயிரக்கணக்கான நாரையும் நீர்க்காகமும் எச்சமிடும் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் தனியாக உரம் வேண்டாம். 1858-ல் அந்த உரிமையைப் புதுப்பித்து வாங்கினார்கள். 1936-ல் அரசு சரணாலயமாக ஏற்றது. 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஊர்ப் பேரின் பொருள் என்னவோ வேடன் தங்கிய இடம்.

கிருஷ்ணன் வேடந்தாங்கலைப் பற்றித் தமிழில் விரிவாக எழுதியிருக்கிறார். பின்னால் பெருமாள்முருகன் தொகுத்து 'பறவைகளும் வேடந்தாங்கலும்' என்ற பேரில் வந்தது. அந்தப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு ஜனவரிக் காலையில் பைக்கில் உத்திரமேரூர் வழியாகப் போனேன். அப்பாவும் வருகிறேன் என்றார். பின்னால் உட்கார்ந்து வழி நெடுக எந்த ஏரியில் தண்ணீர் இருக்கிறது, எதில் இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

வேடந்தாங்கல் எந்தப் பட்டியலிலும் அடங்காத இடம். காடு இல்லை. ஊரார் வெட்டிக் கரை கட்டிய, முப்பது ஹெக்டேர் அளவுள்ள பாசன ஏரி. நடுவில் கடம்ப மரங்கள், கருவேல மரங்கள், கழுத்தளவு தண்ணீரில். வலையும் அகழியும் கிடையாது. பறவை நினைத்தால் இந்த நிமிடம் போகலாம், போகாமல் இருக்கிறது, அவ்வளவுதான். கூழைக்கடா, நத்தை குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன். எல்லாம் தூரத்தில். என் 400 எம்எம் லென்ஸில் ஒரு நாரை நகம் அளவுதான் வந்தது. இருநூறு, இருநூற்றைம்பது படம் எடுத்திருப்பேன், எதிலும் மீசை மாதிரி எதுவும் தெரியவில்லை. முன்னால் ஒரு கிளை, பின்னால் கரை, கரைக்கு அந்தப் பக்கம் நெல் வயல், ஒரு ஓரத்தில் பள்ளிச் சுற்றுலாப் பிள்ளைகளின் தலைகள்.

அப்பா ரொம்ப நேரம் ஒரே மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "இதுல அன்னம் எதுடா?"

"அன்னம்லாம் இங்க வராதுப்பா. நீங்க நெய்யற மாதிரி ஒண்ணு நெஜத்துலயே கிடையாது."

"அது தெரியும். சும்மா கேட்டேன்."

கொஞ்சம் கழித்து, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நாப்பது வருஷமா அன்னம் போட்டிருக்கேன், யாளி போட்டிருக்கேன். அட்டையில அடிச்சபடி வரும். ஒருத்தர்கிட்டயும் நான் பாத்தேன்னு சொன்னதில்ல."

புலியைப் பற்றி அவர் பேசியது அந்த ஒரு தடவைதான்.

அவர் சொன்ன வித்தியாசத்தைக் கெடுத்துக்கொண்டவர்கள் என்னைவிடப் பெரிய ஆட்களும் உண்டு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் உலகப் புகழ்பெற்ற போட்டியில் 2009-ல் முதல் பரிசு வாங்கியது, ராத்திரியில் ஒரு ஓநாய் கதவைத் தாண்டிக் குதிக்கும் படம். ஸ்பெயின்காரர் ஹோசே லூயிஸ் ரொட்ரிகஸ் எடுத்தது. பார்த்த சிலருக்கு அந்த ஓநாயின் முகம் பழகிய முகமாகத் தெரிந்தது. மாட்ரிட் பக்கத்தில் ஒரு பூங்காவில் பழக்கி வைத்திருக்கும் ஓநாய் அது என்றார்கள். அவர் மறுத்தார். நடுவர்கள் ஏற்கவில்லை, 2010 ஜனவரியில் பரிசைப் பறித்தார்கள். காட்டு ஓநாய் கதவைத் தாண்டாது, கம்பிக்கு நடுவில் நுழைந்து போய்விடும் என்று அப்போது சிலர் சொன்ன வாதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அப்பாவின் துடைப்பக் கோடு மாதிரி. அதே போட்டியில் 2017-ல் ஜெயித்த ஒரு படத்தில், ஒளிரும் வண்டுப் புழுக்களின் வெளிச்சத்தில் மின்னும் கரையான் புற்றுக்குக் கீழே ஓர் எறும்புத்தின்னி. மறு வருடம் அதுவும் தகுதியிழந்தது. எறும்புத்தின்னி பாடம் செய்து வைத்த பொம்மை என்று நிபுணர்கள் முடிவுக்கு வந்தார்கள். அந்தப் புகைப்படக்காரரும் மறுத்தார். ஆக ஒன்று உயிர் காலேஜ், இன்னொன்று செத்த காலேஜ்.

இப்போது உலகப் புகைப்பட அமைப்புகள் சேர்ந்து ஒப்புக்கொண்ட வரையறை இருக்கிறது. 2014-ல் வந்தது. கட்டுப்பாடில்லாமல் தன் இடத்தில் திரியும் உயிரினம் மட்டுமே 'வனவிலங்கு'. மிருகக்காட்சி சாலை மிருகத்தை 'இயற்கை' பிரிவில் போடலாம், 'வனவிலங்கு' பிரிவில் போடக்கூடாது. எங்கள் அலுவலகப் போட்டிக்கு இந்த விதியெல்லாம் இல்லை. கேமராவுக்கும் இல்லை. படம் ஒவ்வொன்றின் உள்ளேயும் எக்ஸிஃப் என்று ஒரு தகவல் தொகுப்பு ஒளிந்திருக்கும்: ஷட்டர் வேகம், லென்ஸ், தேதி, நேரம், சில சமயம் இடம்கூட. 'கூண்டு: ஆம் / இல்லை' என்று ஒரு ஃபீல்டை யாரும் அதில் வைக்கவில்லை. ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் வைத்திருக்கிறார்கள், படம் ஏற்றும்போது 'வளர்ப்பு அல்லது பிடிபட்டது' என்று ஒரு டிக். மென்பொருள் எழுதிப் பிழைப்பவனாகச் சொல்கிறேன், ஒரே ஒரு பூலியன். அதைப் போடத்தான் எனக்கு ஒரு வருடம் ஆனது.

போட்டியை நடத்தியவர்களுக்கு மின்னஞ்சல் எழுதினேன். படம் வண்டலூரில் எடுத்தது, அந்தப் பிரிவுக்கு அது தகுதி இல்லை, பரிசாகக் கொடுத்த கூப்பனைத் திருப்பித் தருகிறேன் என்று. இரண்டு நாள் கழித்து பதில் வந்தது: ஒரு கட்டைவிரல் ஸ்மைலி, கீழே 'இந்த வருடமும் கலந்துகொள்ளுங்கள்.' கூப்பனைப் பற்றி ஒன்றும் இல்லை. அது அதற்குள் காலாவதியாகி இருந்தது.

புலி இன்னும் கூடத்தில்தான் மாட்டியிருக்கிறது. சட்டத்தின் அடியில் ஒரு சீட்டு ஒட்டி 'வண்டலூர், பெண் புலி, அகழிக்கு இந்தப் பக்கமிருந்து' என்று எழுதினேன். பெண் என்று எழுத ஒரு தடவை திரும்பப் போய்க் காவலரிடம் கேட்க வேண்டியிருந்தது. அவளுக்கு ஒரு பேரும் இருந்தது, அதையும் எழுதினேன்.

அன்றைக்கே சிறுத்தைக் கூண்டு முன்னால் நின்று வேறு ஒன்று முயன்றேன். ஃபோகஸை வலை மேல் வைத்தேன். துருப்பிடித்த முடிச்சு, அதில் சிக்கியிருந்த ஒரு கொத்து மயிர், எல்லாம் கூர்மையாக விழுந்தது. பின்னால் மஞ்சளாக ஏதோ நகர்வது மட்டும் தெரிந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"கம்பி நல்லா வந்திருக்கு. சிறுத்தை எங்கடா?"